பிடியரிசியில் பிறந்த பெரும்பணி: பேராயர் அசரியாவின் வாழ்க்கை

ஈகை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவோர் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் ஆவர். அவர்கள் மன்னர்கள். அவர்களிடம் தேரும் இருந்தது, நாடும் இருந்தது. கொடுப்பதற்குப் பொருள் உள்ளவர் கொடுத்தார் என்பதில் வியப்பில்லை. கூடையைத் தோளில் சுமந்து நாள் முழுதும் கொழுந்து பறிப்பவரும், மாதக் கடைசியில் மளிகைக் கடைக் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவரும் கொடையாளிகள் ஆக முடியுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த தமிழர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நாம் எழுத முற்படுகிறோம். அவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியர்களுள் ஆங்கிலிக்கத் திருச்சபையின் பேராயராக உயர்ந்த முதல் மனிதர் அவர்.

நம் பள்ளியில் பல சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். ஒரு சமயத்தை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. நல்லோர் எச்சமயத்தவராயினும் அவர்தம் வாழ்வு எல்லோர்க்கும் பாடமாகும் என்ற எண்ணத்தோடே இதனைப் படிக்க வேண்டுகிறோம்.

பிறப்பும் இளமையும்

தமிழ்நாட்டின் தென்கோடியில், பனைமரங்கள் வரிசை வரிசையாய் நிற்கும் செம்மண் நிலத்தில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், இந்துக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவி, பின்னர் அவ்வூரின் திருச்சபைக் குருவாகப் பணியாற்றியவர். பெற்றோர் பல்லாண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளையாதலின், விவிலியத்தில் தாயின் வேண்டுதலால் பிறந்த சாமுவேலின் பெயரையே மகனுக்கு இட்டனர்.

அசரியாவுக்குப் பதினைந்து வயது நிரம்பும் காலத்தில், 1889ஆம் ஆண்டில், தந்தையார் மறைந்தார். குடும்பத்தின் பாரம் தாயின் தோளில் விழுந்தது. அந்த அன்னையின் கண்டிப்பும் பக்தியுமே மகனை உருவாக்கின எனலாம். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்ற பின்னர், அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் வல்லவராக விளங்கினார். ஆயினும் இறுதித் தேர்வு வேளையில் நோயுற்றமையால் பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேற நேர்ந்தது.

மாணவச் செல்வங்களே! தேர்வில் ஒருமுறை தவறிவிட்டால் வாழ்வே முடிந்தது என்று வாடுவோர் உங்களில் இருக்கலாம். பட்டமின்றி வெளியேறிய இவ்விளைஞருக்கே பிற்காலத்தில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பெற்ற பாடம்

1895ஆம் ஆண்டில் அசரியா கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகப் பணியேற்றார். ஊர் ஊராகச் சென்று இளைஞர்களிடம் பேசுவதும், அவர்களைச் சங்கங்களாகத் திரட்டுவதும் அவருடைய வேலை. அப்பொழுது அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி என்பவர் அவருக்கு உற்ற நண்பரானார். 1898இல் அன்பு மாரியம்மாள் என்னும் மங்கையை அசரியா மணந்தார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த அந்நாளில் அவ்வம்மையார் கல்லூரிக் கல்வி பெற்றவர். திருமணத்தை ஆடம்பரமின்றிச் சிக்கனமாக நடத்தினர் என்பதும் நாம் இங்குக் குறிப்பிடத்தக்கதாகும்.

1902ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தம் கைப்பொருளைச் சேர்த்து, தம் சமயத்தை அறியாத வேற்றூர் மக்களிடையே ஊழியரை அனுப்பித் தாங்கி வந்ததை அவர் கண்டார். அக்காட்சி அவருடைய உள்ளத்தைச் சுட்டது. திருநெல்வேலியில் கிறிஸ்தவ சமயம் வேரூன்றி நூறாண்டுக்கு மேலாகியும், அங்குள்ள மக்கள் வெளிநாட்டார் அனுப்பும் பொருளைப் பெறுவோராகவே இருந்தனர். பள்ளி கட்டுவதற்கும் பணம் கடல் கடந்து வந்தது. குருவுக்குச் சம்பளமும் கடல் கடந்து வந்தது. வாங்கியே பழகிய கை என்றைக்குக் கொடுக்கப் பழகும் என்னும் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

பனையேறிகளின் சங்கம்

ஊர் திரும்பிய அசரியா வாளாவிருக்கவில்லை. நண்பர்களைத் திரட்டினார். 1903ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதன் கொள்கை மூன்று. பணியாளர் இந்தியராக இருத்தல் வேண்டும். பணம் இந்தியருடையதாக இருத்தல் வேண்டும். நிருவாகமும் இந்தியர் கையில் இருத்தல் வேண்டும்.

நம்மூரிலேயே பசித்தோர் பலர் இருக்க, வேற்று மொழி பேசும் மக்களுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று எவரும் கேட்கக்கூடிய காலம் அது. இக்கேள்வி தவறான கேள்வியன்று. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறும் தொழிலாளரும் சிறு விவசாயிகளுமே ஆவர். மழை பொய்த்தால் அவர்கள் வீட்டு உலையும் பொய்க்கும். ஆயினும் அசரியா கொண்டிருந்த எண்ணம் வேறு. எல்லாம் நிறைந்த பின்னர் கொடுப்போம் என்று காத்திருப்பவர் ஒருநாளும் கொடுக்கப் போவதில்லை. தமக்கென மட்டும் வாழும் சபை உயிருள்ள சபையாகாது என்பதே அவர் கருத்தாகும்.

அவ்வெண்ணத்திற்குத் துணை நின்றவர்கள் அடுக்களையில் இருந்த தாய்மார்களே. சோறாக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டு வைப்பது அவர்கள் வழக்கமாயிற்று. அதனைப் பிடியரிசி என்பர். ஒரு பிடி குறைந்ததால் வீட்டில் எவரும் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்த பிடிகள் மூட்டைகளாயின. அரிசியோடு கருப்பட்டியும், கோழி முட்டையும், தேங்காயும் கோயிலுக்கு வந்து சேர்ந்தன. அவை விற்கப்பட்டுப் பணமாயின. அந்தப் பணமே தொலைதூரத்துக்குச் சென்ற ஊழியரைத் தாங்கியது.

1904ஆம் ஆண்டில் சங்கத்தின் முதல் ஊழியர் புறப்பட்டார். அவர் சென்ற இடம் நிஜாம் மன்னரின் ஐதராபாத்து அரசில் இருந்த தோர்ணக்கல். இன்று அது தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. தெலுங்கு பேசும் நாடு. தமிழருக்குப் புதிய மொழி, புதிய மண். இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1906இல் அங்கே முதன்முதலாகச் சிலர் திருமுழுக்குப் பெற்றனர். இவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் சமூகத்தினர். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டு, நிலமுமின்றி எழுத்துமின்றி வாழ்ந்த மக்கள் அவர்கள்.

இதற்கிடையே 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமசு நாளன்று, வங்காளத்துச் செராம்பூரில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த 17 பேர் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தனர். காலணி தைக்கும் தொழிலிலிருந்து உயர்ந்து இந்தியாவுக்கு வந்த வில்லியம் கேரியின் நூலகத்திலே அக்கூட்டம் நடைபெற்றது. அசரியா அதன் செயலாளரானார். சேலத்தைச் சேர்ந்த கே. தி. பால் அவருக்குத் துணையாய் நின்றார்.

சொன்னவரே சென்றார்

பிறரைப் போகச் சொல்வது எளிது. தாமே போவதுதான் அரிது. ஊரெங்கும் சென்று, பணி செய்ய வாருங்கள் என்று இளைஞரை அழைத்த அசரியாவின் மனத்தில், நீ போனாயா என்னும் கேள்வி எழுந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்து. நாடறிந்த பெயர் இருந்தது. நல்ல பதவி இருந்தது. மனைவியும் மக்களும் இருந்தனர். 1909ஆம் ஆண்டில் அவர் அப்பதவியைத் துறந்து, குருப்பட்டம் ஏற்று, தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார்.

தொடக்கத்தில் அவர்களுக்கு அங்கே நல்ல வீடு இல்லை. கூடாரத்தில் தங்கினர். முப்பத்தைந்து வயதில் அவர் தெலுங்கு எழுத்துகளைக் குழந்தையைப் போல் கற்கத் தொடங்கினார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் சிற்றூர்களுக்குச் சென்று, மரத்தடியில் அமர்ந்து மக்களோடு பேசினார். அன்பு மாரியம்மாள் பெண்களிடையே பணியாற்றினார்.

அடுத்த ஆண்டு, 1910இல், ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள் வந்திருந்தனர். அவர்களுள் ஆசிய நாட்டினர் மிகச் சிலரே. அவ்வவையில் அசரியா எழுந்து பேசினார். வெள்ளையர்கள் இந்தியருக்காகப் பொருள் கொடுத்ததையும், உழைத்ததையும், உயிரையே ஈந்ததையும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆனால் இவை யாவும் தந்தவர்கள் நட்பை மட்டும் தரவில்லை என்று துணிந்து கூறினார். அவையில் சிலர் முகஞ்சுளித்தனர். ஆயினும் நூறாண்டு கடந்த பின்பும் அம்மாநாட்டைப் பற்றி எழுதுவோர் அவ்வுரையை மறப்பதில்லை.

அவர் சொன்னதன் உட்பொருளை நாம் சற்றே சிந்தித்தல் வேண்டும். மேலிருந்து கீழே நீட்டப்படும் கை கொடுக்கலாம்; ஆனால் அது வாங்குபவனின் தலையைக் குனியச் செய்கிறது. பக்கத்தில் அமர்ந்து, ஒரே இலையில் உண்டு, தோளில் கை போட்டுக் கொடுப்பவனே உண்மையில் கொடுத்தவனாகிறான்.

பேராயர் அசரியா

1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கலின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியை ஏற்பதா என்று ஆங்கிலேயருள் சிலர் ஐயுற்றனர். நம்மவருள்ளும் சிலர் எதிர்த்தனர். அவர் எவரோடும் வாதிடவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்து செய்த பணியே அவரது மறுமொழியாயிற்று.

குடி, அழுக்கு, நோய், கடன் ஆகிய நான்கையும் மக்களைப் பிடித்த நான்கு பேய்களாக அவர் கருதினார். சிற்றூர் தோறும் ஆசிரியரை அமர்த்தினார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட அவ்வாசிரியர்கள் பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியோர்க்கும் எழுத்தறிவித்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர் குருமாராயினர். ஒதுக்கப்பட்ட மக்கள் குளித்து, நல்லுடை உடுத்தி, குடியை விட்டு, படித்து நிமிர்வதைக் கண்ட உயர்சாதியினரும் இம்மாற்றம் எவ்வாறு வந்தது என்று வினவலாயினர். 1941ஆம் ஆண்டளவில் அவருடைய பேராயத்தைச் சேர்ந்தோர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது.

எண்ணிக்கையினும் பெரியதாக நாம் கருதுவது வேறொன்று. தோர்ணக்கல் மக்கள் திருநெல்வேலியாரிடம் பெற்றுக்கொண்டதோடு நின்றுவிடவில்லை. கூலிக்கு வேலை செய்த அம்மக்களுக்கும் அசரியா கொடுக்கக் கற்பித்தார். அறுவடைத் திருநாளில் அவர்கள் நெல்லும் சோளமும் கோழியும் கொண்டு வந்தனர். அங்கும் தாய்மார்கள் சோறாக்கும்போது ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அவர்கள் ஏழைகளாயிற்றே, அவர்களிடம் வாங்கலாமா என்று இரக்கப்படுவது எளிது. ஆனால், நீ கொடுக்கத் தகுதியற்றவன் என்று ஒருவனிடம் சொல்வது அவனை என்றென்றும் இரப்போனாகவே நிறுத்துவதாகும். கொடுக்கும் உரிமை செல்வரின் தனிச்சொத்தன்று. அது மனிதனாய்ப் பிறந்த எல்லோர்க்கும் உரியது. இதனையே விளக்கிக் கிறிஸ்தவ ஈகை குறித்து அவர் ஒரு நூலும் எழுதினார்.

தோர்ணக்கலில் அவர் எழுப்பிய பேராலயம் பல்லாண்டு உழைப்பின் பயனாய் நிறைவெய்தி, 1939ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டு வந்ததை நினைவுகூரும் திருநாள் அது. கோயில் மண்டபத்தை ஒத்த தூண்களும் பள்ளிவாசலை ஒத்த குவிமாடங்களும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. தம் சமயத்தை உறுதியாய்ப் பற்றியவர் தம் நாட்டின் கலைகளை வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு அக்கட்டடம் சான்றாகும்.

அவர்தம் பணியில் கருத்து வேறுபாடும் எழாமலில்லை. மதமாற்றத்தைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. அது குறித்து இருவருக்கும் இடையே 1930களில் கடுமையான வேறுபாடு நிலவியது. ஆயினும் கிறிஸ்தவருக்கென்று தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அசரியா எதிர்த்தார். சமயத்தைக் காட்டி அரசியல் ஆதாயம் தேடுதல் தகாது என்பதே அவர் நிலை. பிரிந்து கிடந்த திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919இல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டம் முதல் அவர் இறுதிவரை உழைத்தார். 1945ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள், புத்தாண்டு பிறந்த அன்றே, தோர்ணக்கலில் அவர் காலமானார். அவர் கனவு கண்ட தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் உருவானது. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

நமக்குரிய பாடம்

பெற்றோர்களே! பிடியரிசியின் வலிமையை நம் மலேசியத் தமிழ் மக்களும் அறியாதவர்கள் அல்லர். 1950களில் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் எங்கள் உயிர் என்னும் நிதியைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் ஆளுக்கொரு வெள்ளி தந்தனர்; மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் இடம்பெற அது துணை செய்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால் மரம் சீவிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கின. இவையும் பிடியரிசியே அல்லவா?

நம் லெம்பா பெர்த்தாமும் ஒரு பாடத்தைக் கற்றுள்ளது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் இப்பள்ளத்தாக்கில் இரவோடு இரவாகச் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் பறிபோயின, வீடுகளும் வண்டிகளும் அழிந்தன. அத்தகைய இரவில், கதவைத் தட்டியவர் எம்மதம், எவ்வினம் என்று யார் கேட்பார்? தன் வீட்டுப் போர்வையை எடுத்து நனைந்தவர் தோளில் போர்த்துகிறவர்க்குப் பேகனின் கதையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நாம் கூறாமல் இருக்க முடியாது. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தனர். இன்று நம் மலைத் தோட்டங்களில் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோர் கொழுந்து வெட்டுகின்றனர். அவர்கள் மொழி நமக்குப் புரிவதில்லை. தண்ணீர் கேட்டால் கொடுக்கிறோம். வழி கேட்டால் காட்டுகிறோம். ஆனால் அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? பொருள் தந்தீர்கள், நட்பைத் தரவில்லையே என்று எடின்பரோவில் ஒரு தமிழர் எழுப்பிய குறை, இன்று நம் லயத்து வாசலிலும் நின்று நம்மை நோக்குகிறது.

மாணவச் செல்வங்களே! பாடநூல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. உதவித் தொகை கிடைக்கிறது. புத்தகப்பையை யாரோ ஒருவர் அன்பளிப்பாகத் தருகிறார். அவற்றை நன்றியோடு பெறுங்கள். ஆனால் பெறுவது மட்டுமே நம் பங்கு என்று எண்ணிவிடாதீர்கள். உங்களிடமும் கொடுக்க ஒரு பிடி இருக்கிறது. வாசிக்கத் தடுமாறும் தோழனுக்கு ஒரு நாளில் பத்து நிமிடம் தரலாம். புதிதாய் வந்த பிள்ளையைப் பந்தாட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பலகாரத்தில் பாதியைப் பகிரலாம்.

வெள்ளாளன்விளையின் பனையேறிகளுக்குத் தோர்ணக்கல் எங்கிருக்கிறது என்பதே தெரிந்திராது. அங்குள்ளோர் முகத்தையும் அவர்கள் கண்டதில்லை. கண்டிராத அம்மக்களுக்காக, உலை கொதிக்கும் நேரத்தில், ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தனர். அந்தப் பிடி ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தாயிற்று. இலட்சக்கணக்கான மக்களுக்கு நிமிர்ந்த தலையாயிற்று. நாளைக் காலை, பனி விலகுமுன் நம் வீட்டு அடுப்பிலும் உலை ஏறும். அரிசி அளக்கும் அக்கணத்தில் இம்மனிதரை ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக.